வில்லன் இல்லாத வாய்க்கால்: கார்ட்டூன் பார்த்துக் குழந்தை சூழல் பொறுப்பைக் கற்குமா?

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தெரு நூலகத்தில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுகிறேன். மதுரையில் கிருதுமால் கரையை ஒட்டிய தெரு எங்களுடையது. நாகமலைப் பக்கமிருந்து வரும் அந்த ஆறு, ஊருக்குள் நுழைந்ததும் சாக்கடையாகிவிடுகிறது. நூலகத்தின் பின்ஜன்னலைத் திறந்தால் வாடை அடிக்கும். அதனால் படம் ஓடும்போது ஜன்னலைச் சாத்திவிடுவது வழக்கம்.

ஒருநாள் 'கேப்டன் பிளானட்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரிலிருந்து, ஆற்றைக் கெடுக்கும் வில்லனிடமிருந்து அதைப் பச்சைத் தலைமுடி வீரன் ஒருவன் காப்பாற்றும் ஒரு பகுதியைப் போட்டேன். ஆங்கிலத்தில் ஓட ஓட நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முடிந்ததும் கேட்டேன்: "நம்ம ஊர்ல ஆத்தை இப்படிக் கெடுக்கிறது யாரு?" மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் யோசித்துவிட்டு, "நம்ம ஊர்ல அந்த மாதிரி ஆளு யாரும் இல்ல டீச்சர்" என்றான். பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை, "சென்னைல இருப்பாங்க" என்றாள். அவன் பேசிக்கொண்டே தன் கையிலிருந்த காலி சிப்ஸ் பாக்கெட்டை நாலாக மடித்து, பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே செருகினான்.

அவன் பொய் சொல்லவில்லை. படத்தில் பார்த்தது போன்ற ஆளை அவன் தெருவில் பார்த்ததே இல்லை. அந்தப் பதில் என்னை வெகுநாள் விடவில்லை. சூழலைப் பற்றிய கார்ட்டூன் குழந்தைக்கு எதைக் கற்றுத் தருகிறது, எதைத் தருவதில்லை என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். புதிதாக யோசிக்கத் தொடங்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படட்டும் என்று, எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் 'சூழல் பொறுப்பு' என்ற சொல். இதற்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஆமை பிளாஸ்டிக் பையை ஜெல்லி மீன் என்று நினைத்துத் தின்றுவிடும் என்று தெரிந்துகொள்வது அறிவு. அந்த ஆமையை நினைத்துக் கண்கலங்குவது பரிவு. கடைக்குப் போகும்போது யாரும் சொல்லாமலே மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது பொறுப்பு. முதல் இரண்டும் வந்துவிட்டால் மூன்றாவது தன்னால் வந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி வருவதில்லை. பெரியவர்களான நமக்கே வரவில்லையே. பை எடுத்துப்போக வேண்டும் என்று தெரியாத ஆள் இன்று தமிழ்நாட்டில் யார்?

கார்ட்டூன் முதல் இரண்டையும் மிக நன்றாகச் செய்யும். மூன்றாவதற்கு அதற்குத் துணை வேண்டும். நான் சொல்ல வருவது இதைத்தான்.

குழந்தை எதைப் பிடித்துக்கொள்கிறது

பார்த்ததைச் செய்வது குழந்தையின் இயல்பு. இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர். 1963-இல் வெளிவந்த அவருடைய சோதனை ஒன்றில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியிலிருந்து 96 குழந்தைகள் கலந்துகொண்டார்கள். சாய்த்தாலும் எழுந்து நிற்கும் நம் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி, காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்று. அதை ஒரு பெரியவர் அடிப்பதைச் சில குழந்தைகள் நேரில் பார்த்தார்கள். சிலர் அதையே திரையில் பார்த்தார்கள். இன்னும் சிலருக்குக் கறுப்புப் பூனை வேடமிட்ட ஒருவர் பொம்மையை அடிப்பது கார்ட்டூன் மாதிரி காட்டப்பட்டது. பிறகு கவனித்தபோது, எதையும் பார்க்காத குழந்தைகளைவிட இந்த மூன்று குழுவினருமே அதிக முரட்டுத்தனம் காட்டினார்கள். பூனை வேடம் என்பதால் குழந்தை அதை 'சும்மா கதை' என்று ஒதுக்கிவிடவில்லை.

ஆக, கார்ட்டூனில் வரும் செயல் குழந்தையின் கைக்கு வரும். ஆனால் கார்ட்டூன் சொல்ல வரும் கருத்து மனதுக்கு வருமா? அது வேறு கேள்வி. இதற்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு என் கண்ணைத் திறந்தது. கிளிஃபோர்டு என்ற பெரிய சிவப்பு நாய் வரும் தொடரின் ஒரு பகுதியை மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். கதையில் மூன்று கால் நாய் ஒன்று வரும். மற்ற நாய்கள் முதலில் மிரளும், பிறகு நண்பர்களாகும். மாற்றுத்திறன் உள்ளவர்களை விலக்கக் கூடாது என்பது கதையின் நீதி. 'இந்தக் கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்' என்று கேட்டபோது, பெரும்பாலான பிள்ளைகள் நாயைத் தாண்டிப் போகவில்லை. மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும் என்கிற அளவிலேயே பதில் நின்றது. நாயிலிருந்து மனிதருக்குத் தாவுவது அந்த வயதுக்குக் கடினம். அதே ஆய்வாளர்கள் பிறகு கதைக்கு நடுவே சிறு விளக்கத் துண்டுகளைச் சேர்த்துக் காட்டியபோது புரிதல் கூடியது.

இதைப் படித்த அன்று எனக்கு அந்தப் பையனின் பதில் புரிந்துவிட்டது. பச்சைத் தலைமுடி வீரன் காப்பாற்றிய ஆற்றிலிருந்து, சாத்திய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கிடக்கும் கிருதுமாலுக்குத் தாவும்படி நான் அவனைக் கேட்டிருக்கிறேன். நடுவில் ஒரு பலகைகூடப் போட்டுத் தராமல்.

ஐந்து மோதிரங்கள்

'கேப்டன் பிளானட்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சூழலுக்காகவே எடுக்கப்பட்ட கார்ட்டூன் தொடர்களில் உலகம் முழுக்க அறியப்பட்டது அதுதான். சிஎன்என் தொலைக்காட்சியைத் தொடங்கிய டெட் டர்னரும் பார்பரா பைலும் சேர்ந்து உருவாக்கியது. 1990 செப்டம்பரில் தொடங்கி 1996 வரை 113 பகுதிகள் வந்தன.

கதை எளிது. மனிதர்கள் செய்யும் நாசம் பொறுக்காமல் பூமித் தாயான கையா விழிக்கிறாள். உலகின் ஐந்து மூலைகளிலிருந்து ஐந்து இளைஞர்களுக்கு ஐந்து மோதிரங்களை அனுப்புகிறாள். ஆப்பிரிக்காவின் குவாமேக்கு நிலம், வட அமெரிக்காவின் வீலருக்கு நெருப்பு, சோவியத் நாட்டிலிருந்து வந்த லிங்காவுக்குக் காற்று, ஆசியாவின் கீக்கு நீர், தென் அமெரிக்காவின் மாட்டிக்கு இதயம். தனித்தனியே சமாளிக்க முடியாதபோது ஐவரும் மோதிரத்தை உயர்த்துவார்கள். சக்திகள் சேர்ந்து கேப்டன் பிளானட் எழுவான். நீல உடம்பு, பச்சை முடி. நச்சுக் கழிவு மேலே பட்டால் துவண்டுவிடுவான். சுத்தமான தண்ணீரோ வெயிலோ பட்டால் தெம்பு வரும். போகும்போது 'சக்தி உங்களுடையது' என்று சொல்லிவிட்டுப் போவான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தாவது மோதிரம். நம்மிடம் ஐம்பூதம் என்ற எண்ணம் தொல்காப்பியக் காலத்திலிருந்து இருக்கிறது; நிலம், தீ, நீர், வளி, விசும்பு. அங்கே ஆகாயத்தின் இடத்தில் இதயத்தை வைத்திருக்கிறார்கள். மாட்டியின் மோதிரம் விலங்குகளோடு பேசும், மனிதர் மனதைத் தொடும். மற்ற நாலு மோதிரங்களையும் கண்டு குதிக்கும் பிள்ளைகள் இதைக் கண்டு உதட்டைப் பிதுக்குவார்கள். 'இது எதுக்கு உதவும்?' என்பார்கள். அந்தக் கேள்வி வரும்போது நான் படத்தை நிறுத்திவிடுவேன். பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் அந்தத் தொடரில் இல்லை.

தொடரின் பலவீனம் வில்லன்கள். பன்றி முகக்காரன், எலி மனிதன், கதிரியக்கம் கசியும் அசுரன் என்று ஒவ்வொருவனும் பூமியைக் கெடுப்பதற்காகவே கெடுப்பான். இப்படி மிகைப்படுத்தியதற்குத் தயாரிப்புக் குழுவினர் ஒரு காரணம் சொல்லியிருக்கிறார்கள்: ஆலையிலோ சுரங்கத்திலோ வேலை பார்க்கும் அப்பா அம்மாவைக் குழந்தை வில்லனாகப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்களாம். நல்ல எண்ணம்தான். சாயப்பட்டறையில் வேலை செய்கிறவரின் மகள் படத்தைப் பார்த்துவிட்டு அப்பாவை வெறுத்தால் அது கொடுமை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. கெடுதல் செய்கிறவன் எப்போதும் வேறொருவன், விகாரமானவன், நம் தெருவில் இல்லாதவன் என்று ஆகிவிட்டது.

கிருதுமாலைக் கெடுத்தது எந்த எலி மனிதனும் இல்லை. வீட்டுக் கழிவுநீர், கடைக் குப்பை, கேரி பேக், மடித்துச் செருகிய சிப்ஸ் பாக்கெட், போகப் போகக் குறுகிப்போன கரை, இதெல்லாம் சேர்ந்துதான் அது இப்படி ஆனது. ஒவ்வொன்றும் சின்னது. செய்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். குழந்தைக்குக் கதையாகச் சொல்ல இது கஷ்டமான விஷயம், ஒத்துக்கொள்கிறேன்.

தொடரைத் தயாரித்தவர்களுக்கும் இந்த இடைவெளி தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் ஒரு சிறு துண்டு வரும்: குழாயை மூடு, விளக்கை அணை, பொருளைத் திரும்பப் பயன்படுத்து என்று நேரடியாகச் சொல்வது. 1991-இல் தொடரின் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார்கள். பள்ளித் தோட்டங்களுக்கு அது இன்றும் உதவுகிறது. வானில் பறக்கும் வீரனைவிட அந்தத் தோட்டங்களில் மண்ணைக் கிளறும் கைகளே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

அன்பு தவறான வழியில் போனால்

பரிவு மட்டும் வந்து பொறுப்பு வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் நடந்த ஒரு கதை இருக்கிறது. கார்ட்டூனைப் பற்றி யோசிக்கும் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1977-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் 'ரக்கூன் ராஸ்கல்' என்ற தொடர் வந்தது. ஜனவரியில் தொடங்கி டிசம்பர் வரை வாரம் ஒன்றாக 52 பகுதிகள். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெர்லிங் நார்த் தன் சிறுவயதைப் பற்றி எழுதிய நூலே அதற்கு மூலம். ரக்கூன் என்பது வட அமெரிக்க விலங்கு. நம்மூர் மரநாயைவிடக் கொஞ்சம் பருத்தது, கண்ணைச் சுற்றி முகமூடி போட்டாற்போல் கறுப்புப் பட்டை. தாயை இழந்த குட்டி ஒன்றை ஒரு சிறுவன் எடுத்து வளர்க்கிறான். அது பால் குடிப்பதும், சோளத்தைக் கையில் பிடித்துத் தின்பதும், அவன் தோளில் ஏறி உட்கார்வதும் பார்க்கிறவர் மனதை அள்ளும். தீய எண்ணம் ஒரு துளிகூட இல்லாத தொடர்.

ஜப்பான் குழந்தைகள் ரக்கூன் கேட்டு அடம்பிடித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து குட்டிகள் இறக்குமதியாயின. குட்டியாக இருக்கும்வரை எல்லாம் அழகு. வளர்ந்த ரக்கூன் கடிக்கும், பிராண்டும், எந்தக் கூண்டின் கொக்கியையும் கழற்றிவிடும். வீட்டில் வைத்திருக்க முடியாமல் பலர் அதைக் காட்டில் விட்டார்கள். ஏன் காட்டில்? தொடரின் முடிவில் அந்தச் சிறுவன் அதைத்தான் செய்கிறான். வளர்ந்த ராஸ்கலைப் படகில் கொண்டுபோய்க் காட்டோரம் விட்டுவிட்டு அழுதபடி திரும்புகிறான். அமெரிக்கக் காட்டில் அது சரி, ரக்கூனின் சொந்த இடம் அது. ஜப்பான் காட்டில் அது அந்நிய விலங்கு. அதை அடக்கி வைக்கும் இயற்கை எதிரிகள் அங்கே இல்லாததால் பெருகியது. இன்று நாட்டின் பெரும்பாலான மாகாணங்களில் ரக்கூன் இருக்கிறது. சோளமும் பழங்களும் அழிகின்றன. பழைய மரக்கோயில்களின் கூரைக்குள் புகுந்து கெடுக்கிறது. 2005-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ் ரக்கூனை இறக்குமதி செய்வதும் வளர்ப்பதும் வெளியே விடுவதும் தடைசெய்யப்பட்டன.

பண்டூராவின் பூனை வேடத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். தொடர் காட்டிய முதல் செயலையும் ஜப்பான் செய்தது, கடைசிச் செயலையும் செய்தது. 'காட்டு விலங்கை வீட்டுக்குக் கொண்டுவராதே' என்ற நீதி அந்தக் கதைக்குள் இருக்கத்தான் செய்தது. வார்த்தையாக இருந்தது, செயலாக இல்லை.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு படத்தின் மீதும் இப்படிப் பழி போட்டுவிடக் கூடாது. 2003-இல் 'ஃபைண்டிங் நீமோ' என்ற அனிமேஷன் படம் வந்த பிறகு, அதில் வரும் கோமாளி மீன்களை வாங்கிக் குவித்துக் கடலையே காலி செய்துவிட்டார்கள் என்று பரவலாக எழுதப்பட்டது. பிறகு தரவுகளை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு அதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. அதன் அடுத்த பாகமான 'ஃபைண்டிங் டோரி'யைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வு இன்னும் சுவையானது: படம் வந்த பிறகு அதில் வரும் டோரி என்ற நீல மீனின் இனத்தைப் பற்றி இணையத்தில் தேடியவர்கள் கூடினார்கள், மீன் இறக்குமதி கூடவில்லை. ஆர்வம் வேறு, செயல் வேறு.

ஒரு வாளித் தண்ணீர்

அப்படியானால் செயலைச் சரியாகக் கொடுத்த கார்ட்டூன் உண்டா? உண்டு. வயதில் மூத்தது. ஸ்மோக்கி என்ற கரடி.

அமெரிக்காவில் காட்டுத்தீத் தடுப்பு விளம்பரத்துக்கு முதலில் பயன்பட்டது டிஸ்னியின் மான்குட்டி பாம்பி. ஓராண்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்கள். அதனால் சொந்தமாக ஒரு பாத்திரம் தேவைப்பட்டு, 1944 ஆகஸ்டில் ஸ்மோக்கியை உருவாக்கினார்கள். முதல் சுவரொட்டியில் கரடி ஒரு வாளித் தண்ணீரை அணையாத நெருப்பின் மேல் ஊற்றிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் படம். 1947-இல் 'உன்னால் மட்டுமே காட்டுத்தீயைத் தடுக்க முடியும்' என்ற வாசகம் வந்தது. 1950-இல் நியூ மெக்சிகோ மலைத் தீயில் பாதம் வெந்து மரத்தில் தொற்றிக்கொண்டிருந்த நிஜக் கரடிக்குட்டி ஒன்றை மீட்டு, அதே பெயர் வைத்து, வாஷிங்டன் உயிரியல் பூங்காவில் வளர்த்தார்கள். குழந்தைகள் எழுதிய கடிதங்கள் குவிந்ததால் 1964-இல் அந்தக் கரடிக்கென்றே தனி அஞ்சல் குறியீடு கொடுக்கப்பட்டது.

அந்த வாளியில்தான் விஷயம் இருக்கிறது. காட்டுக்குப் போகும் குடும்பம் சமைக்க நெருப்பு மூட்டும். கிளம்பும்போது தண்ணீர் ஊற்று, கிளறிவிடு, மறுபடி ஊற்று, சூடு இருக்கிறதா என்று கையால் பார். ஆறு வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் வேலை. வில்லன் யாரும் கிடையாது. தீ வைத்தவர் நெருப்பை அணைக்க மறந்த அப்பாவாகவே இருக்கலாம், அவருக்குக் குழந்தையே நினைவுபடுத்தலாம்.

இந்த வெற்றிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. தீ என்றாலே கெட்டது என்ற எண்ணம் ஒரு தலைமுறைக்கே பதிந்துவிட்டது. அமெரிக்காவின் மேற்கிலுள்ள பைன் காடுகள் பலவற்றில் அவ்வப்போது தரையோடு ஓடும் சின்னத் தீ இயல்பானது. அது சருகை எரித்துக் காட்டைத் தெளிவாக வைத்திருக்கும். எல்லாத் தீயையும் உடனே அணைக்கும் அரசின் கொள்கையால் (அது ஸ்மோக்கிக்கு முந்தியது) சருகும் சுள்ளியும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, பற்றினால் அடங்காத பெருந்தீக்கு விறகாயின. 2001-இல் ஸ்மோக்கியின் வாசகத்தில் தீயைக் குறிக்கும் சொல்லையே மாற்றினார்கள். வனத்துறை திட்டமிட்டு எரிக்கும் தீ வேறு, கட்டுமீறிய தீ வேறு என்று தெரியட்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். நம் மலைகளில் கோடைக்கு முன் வனத்துறை புதரையும் சருகையும் அகற்றி எரித்துத் தீத்தடுப்புக் கோடு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஐந்து வயதில் சொன்ன எளிய உண்மையை, பன்னிரண்டு வயதில் திறந்து இன்னொரு அடுக்கைக் காட்ட வேண்டும். கரடி அதைச் செய்யாது, நாம்தான் செய்ய வேண்டும்.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. யுனிசெஃப் தெற்காசியாவுக்காக 1990-களில் கொண்டுவந்த 'மீனா'. இந்திய அனிமேஷனின் முன்னோடியான ராம் மோகன் உருவாக்கிய சிறுமி. கூடவே தம்பி ராஜு, மிட்டு என்ற கிளி. ஒரு கதையில் அவளுக்கு மூன்று வரங்கள் கிடைக்கின்றன. அவள் கேட்பது எல்லோரும் கழிப்பறை பயன்படுத்த வேண்டும், கை கழுவ வேண்டும், சுத்தமான தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது. ஊர் நம் ஊர் போல இருக்கிறது. செய்ய வேண்டியது கண்ணெதிரே இருக்கிறது. இன்றைக்கும் என் நூலகத்துப் பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் பார்க்கிறார்கள்.

பயமுறுத்தலாமா?

பனிப்பாறை உருகுகிறது, காடு எரிகிறது, பூமி அழிகிறது என்று சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். டேவிட் சோபல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990-களிலேயே இதைப் பற்றி எழுதினார். நான்காம் வகுப்புக்கு முன் பேரழிவுக் கதைகள் வேண்டாம் என்பது அவர் கட்சி. பார்த்தே இராத மழைக்காட்டின் அழிவை ஏழு வயதில் தலையில் ஏற்றினால், குழந்தை இயற்கையிலிருந்து மனதை விலக்கிக்கொள்ளும் என்கிறார். நான் அவர் பக்கம். பெரியவர்களாலேயே தீர்க்க முடியாததைக் குழந்தையின் தோளில் வைப்பது நியாயமில்லை. குப்பையைத் தொட்டியில் போடுவது குழந்தையின் வேலை. தொட்டியை நேரத்துக்குக் காலி செய்வதும், அந்தக் குப்பையையே குறைவாக உற்பத்தி செய்வதும் பெரியவர்களின் வேலை. இதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லிவிடலாம், அவர்களுக்கு நன்றாகப் புரிகிறது.

பயத்துக்குப் பதில் என்ன? 1988-இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம் 'டோட்டோரோ'வைப் பாருங்கள். மாசு இல்லை, வில்லன் இல்லை, அறிவுரை இல்லை. இரண்டு சிறுமிகள், ஒரு பெரிய கற்பூர மரம், அதற்குள் உறங்கும் ஒரு பெரிய உயிர். மழையில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது இலையில் சொட்டும் தண்ணீர்ச் சத்தம். படத்தை எடுத்த ஹயாவோ மியாசாகி மனதில் இருந்த இடங்களில் ஒன்று தோக்கியோவுக்கு அருகிலுள்ள சாயாமா குன்றுகள். அந்தக் காடுகள் வீட்டுமனைகளாக மாறாமல் இருக்க, மக்கள் டோட்டோரோவின் பெயரில் நிதி திரட்டி, 1991-இல் முதல் துண்டுக் காட்டை விலைக்கு வாங்கினார்கள். இப்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள் அவர்கள் கையில் இருக்கின்றன. அறிவுரையே சொல்லாத ஒரு படத்தின் பெயரால் நிஜமான காடு நிற்கிறது. அன்பு இருந்தது, கூடவே செய்ய ஒரு வேலையும், அதைச் சேர்ந்து செய்ய ஆட்களும் இருந்தார்கள்.

கூட உட்கார்ந்து பார்ப்பது

எந்தக் கார்ட்டூனை எடுத்தாலும் இப்போது மூன்றைக் கவனிக்கிறேன். கெடுதலைச் செய்வது யார், அவர் நம்மைப் போல இருக்கிறாரா? குழந்தை அதில் பார்க்கும் முதல் செயலும் கடைசிச் செயலும் எவை, அவற்றை அப்படியே செய்தால் என்ன ஆகும்? பார்த்து முடித்த அன்றே, அந்தக் கைகளால் செய்யக்கூடிய ஒன்று பக்கத்தில் இருக்கிறதா? மூன்றாவதற்குப் பதில் இல்லை என்றால் அதை நானே தேடி வைத்துவிட்டுத்தான் படத்தைப் போடுகிறேன்.

வீட்டில் இது இன்னும் சுலபம். தண்ணீரைப் பற்றிய கார்ட்டூன் பார்த்த அன்று இரவு, சாதத்துக்கு அரிசி களையும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். களைந்த தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து, வாசலில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு அதுவே ஊற்றட்டும். மறுநாளும் ஊற்றட்டும். என் அண்ணன் பேத்தி அப்படித்தான் ஆரம்பித்தாள். இரண்டு வாரம் கழித்து, குக்கரில் அரிசி போட வந்த தன் அம்மாவிடம், "அது என் தண்ணி, கொட்டிராதம்மா" என்று சண்டைக்குப் போனாள். 'என்' என்ற அந்தச் சொல் வருகிறவரை காத்திருக்க வேண்டும்.

நடுவில் நிறுத்திப் பேசுவதற்குக் கூச்சப்பட வேண்டாம். பிள்ளைகள் முதலில் "போடுங்க டீச்சர்" என்று கத்துவார்கள். ஒரே ஒரு கேள்வி போதும். "இவன் ஏன் இப்படிச் செஞ்சான்?", "நீ அங்கிட்டு நின்னா என்ன செய்வே?" பதில் தப்பாக இருந்தால் திருத்தாமல் படத்தைத் தொடரலாம். மூன்று கால் நாய்க் கதையில் உதவியதும் இப்படி நடுவே வந்த சிறு விளக்கம்தான். ஃபோனைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடும் நாட்களும் இருக்கும். எல்லா வீட்டிலும் இருக்கும். வாரத்தில் ஒருநாளாவது பக்கத்தில் உட்கார முடிந்தால் நிறைய மாறும்.

எங்கள் நூலகத்தில் மீண்டும் 'கேப்டன் பிளானட்' போட்டேன், இந்த முறை பின்ஜன்னலைத் திறந்து வைத்து. வாடை வந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். படம் பாதியில் நின்றபோது, வில்லனைத் தேடச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு ஐந்து பேர் ஐந்து பேராக வந்து, கீழே கண்ணுக்குத் தெரியும் பொருட்களில் தங்கள் வீட்டிலும் இருக்கும் பொருளாக ஒன்றைச் சொல்லச் சொன்னேன். பால் பாக்கெட். எண்ணெய்க் கவர். செருப்பு. ஷாம்பு சாஷே. "எங்க கடை கவர் டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னாள் ஒரு மளிகைக் கடைக்காரர் மகள். யாரும் சிரிக்கவில்லை.

அந்த மூன்றாம் வகுப்புப் பையன் வரிசையில் கடைசியாக வந்தான். கம்பியைப் பிடித்து எக்கி வெகுநேரம் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய், பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டுத் துழாவத் தொடங்கினான்.